எந்த எக்செல் லைப்ரரி பெஸ்ட்டுன்னு இனிமே யாரும் கேக்காதீங்க!

மொதல்லயே சொல்லிடறேன், இது கொஞ்சம் காட்டமான பதிவு. பொட்டி தட்டுற ஜாதி இல்லாத நண்பர்கள் தலைப்பைப் பார்த்துட்டு ஓடிடாதீங்க. ஈசிஆர் பக்கமோ ஜிஎஸ்டி ரோடு பக்கமோ ஒரு கிரவுண்டு வாங்கியிருந்தீங்கன்னா, இல்ல வாங்குற ஆசை இருந்தா, உங்களுக்கும் இதுல சேதி இருக்கு.

மாசத்துக்கு நாலு பேராவது கேக்குறாங்க. "மச்சி, எக்செல் ஃபைல் எழுதவும் படிக்கவும் எந்த லைப்ரரி பெஸ்ட்?" கேட்டவன் முடிக்கறதுக்குள்ள பத்து பேர் பதில் சொல்லிடறான். ஒருத்தன் வேகப் பட்டியல் போடறான், ஒருத்தன் கிட்ஹப்ல எத்தனை நட்சத்திரம்னு எண்ணிச் சொல்றான், இன்னொருத்தன் "நான் இதைத்தான் யூஸ் பண்றேன், சூப்பரா இருக்கு"ங்கறான். யாராவது ஒருத்தர், ஒரே ஒருத்தர், "அந்த ஃபைல்ல என்னய்யா இருக்கு?"ன்னு திருப்பிக் கேட்டாங்களா? கேக்க மாட்டாங்க. கேட்டா ஆணி ஜாஸ்தியாயிடும்ல.

மாமல்லபுரத்துல சிற்பப் பட்டறை இருக்கற தெருவுல நடந்து போயிருப்பீங்க. அங்க யார்கிட்டயாவது போய் "அண்ணே, எந்த உளி பெஸ்ட்?"னு கேட்டுப் பாருங்க. மேலயும் கீழயும் பார்த்துட்டு, "என்ன கல்லு, என்ன வேலை?"ம்பார். கல்லைத் தட்டி ஓசை கேட்டுப் பார்த்துட்டுதான் உளியைக் கையில எடுக்கறது அவங்க வழக்கம். நாலு வருஷம் இஞ்சினியரிங் படிச்ச நாம மட்டும் ஃபைலைத் தொறந்து கூடப் பாக்காம லைப்ரரியை இன்ஸ்டால் பண்ணிட்டு வந்து உக்காருவோம்.

சரி, மேட்டருக்கு வருவோம்.

எங்க ஊர்ப் பக்கம், அதாவது செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம், திருப்போரூர்னு எந்தப் பக்கம் திரும்பினாலும் மனைதான். ஒவ்வொரு மனைக்கும் ஒரு சர்வே எண், அதுக்கு ஒரு உட்பிரிவு. 7/2, 12/3, 7/2பி இப்படி வரும். இதை எக்செல்ல அடிச்சா என்ன ஆகும்? 7/2ன்னு அடிச்சு எண்டர் தட்டினதும் எக்செல் அதைத் தேதியாக்கிடும். நம்ம ஊர் செட்டிங் இருந்தா பிப்ரவரி 7, அமெரிக்க செட்டிங் இருந்தா ஜூலை 2. உள்ளுக்குள்ள அது தேதியாக் கூட இருக்காது, வெறும் ஒரு நம்பர். 2023ஆம் வருஷம் அடிச்சிருந்தா மொதல் கேஸ்ல 44964, ரெண்டாவது கேஸ்ல 45109. ஆனா 7/2பின்னு எழுத்து ஒட்டிக்கிட்டு வந்தது மட்டும் தப்பிச்சு எழுத்தாவே நிக்கும். ஆக ஒரே காலம்ல பாதி தேதி, பாதி எழுத்து.

இது கற்பனை இல்ல. மனை விக்கிற ஒரு ஆபீஸ் (பேர் வேண்டாம்) கொடுத்த ஃபைல் எங்க டேபிளுக்கு வந்துச்சு. அந்த ஆபீஸ்ல கணக்குப் பாக்குற பெரியவர் போன்ல கூப்பிட்டு, "தம்பி, புது சாப்ட்வேர்ல சர்வே நம்பர் 44964ன்னு வருதேப்பா, ஒரு கிராமத்துல அத்தனை சர்வே நம்பர் ஏது?"ன்னு கேட்டார். பாருங்க, கம்ப்யூட்டர் படிக்காத அந்த மனுஷர் ஒரு செகண்டுல கண்டுபிடிச்சதை, எங்களுக்கு முன்னாடி அந்த வேலையைச் செஞ்சு கொடுத்த கம்பெனி மூணு மாசமா கண்டுக்கல. அவங்க லைப்ரரி "வேகமானது" வேற. 44964ஐ ரொம்ப வேகமா இறக்கியிருக்கு!

இதுல லைப்ரரி மேல தப்பு இல்லைன்னு வாதாடுவீங்க. ஒத்துக்கறேன், அடிச்ச இடத்துலயே சேதாரம் ஆயிடுச்சு. ஆனா படிக்கற லைப்ரரி உங்ககிட்ட "இது எண்ணு, இதுக்கு தேதி ஃபார்மேட் போட்டிருக்கு"ன்னு ஒவ்வொரு செல்லுக்கும் சொல்லுதா இல்லையாங்கறது லைப்ரரியோட குணம். சொன்னா "சர்வே எண் காலம்ல தேதி வந்தா நிறுத்து"ன்னு ஒரு வரி எழுதி வாசல்லயே பிடிச்சிருக்கலாம். சொல்லாம தானா யூகிச்சு எல்லாத்தையும் மிக்ஸியில போட்டு அரைச்சுக் கொடுக்குற லைப்ரரி உங்களுக்கு வசதி, அந்த மனைக்காரருக்கு வில்லங்கம்.

அடுத்து வங்கிக் கணக்கு. எக்செல் ஒரு எண்ணுல 15 இலக்கம் வரைக்கும்தான் வெச்சுக்கும். சில வங்கிகள்ல கணக்கு எண் 16 இலக்கம். அதை எண்ணா அடிச்சா கடைசி இலக்கம் சைபராயிடும். சத்தமே வராது, எரர் வராது. சைபர்ல ஆரம்பிக்கற கணக்கு எண்ணா இருந்தா முன்னாடி இருக்கற சைபர் காணாமப் போகும். ஆதார் 12 இலக்கம்தானே, தப்பிச்சோம்னு நினைக்காதீங்க. சாதாரண ஃபார்மேட்ல 12 இலக்கம் வந்தாலே எக்செல் அதை அடுக்குக்குறி போட்டுச் சுருக்கிக் காட்டும். அந்த நிலையில சிஎஸ்வியா சேவ் பண்ணினா காட்டின சுருக்கம்தான் ஃபைலுக்குப் போகும். மீதி இலக்கமெல்லாம் கோவிந்தா. மகளிர் குழு லிஸ்ட்டோ, நிவாரணப் பட்டியலோ இப்படி ஒரு ஃபைல்லதான் கை மாறுது. ஒரு இலக்கம் போனா பணம் திரும்பி வரும், இல்லன்னா வேற யார் கணக்குக்கோ போகும். அலையப் போறது லைப்ரரி எழுதினவனும் இல்ல, நீங்களும் இல்ல.

"உள்ளூர் கதை, நாங்க பெரிய ப்ராஜெக்ட்"னு மூக்கைத் தூக்குறவங்களுக்கு: 2020 அக்டோபர்ல இங்கிலாந்து பொது சுகாதாரத் துறை 15,841 கொரோனா கேஸ்களைக் கணக்குல விட்டுட்டாங்க. காரணம் பழைய எக்ஸ்எல்எஸ் ஃபார்மேட். அதுல ஒரு ஷீட்டுக்கு 65,536 வரிசைதான். அதுக்கு மேல வந்ததெல்லாம் வெட்டுப்பட்டுப் போச்சு. அத்தனை பேரோட தொடர்புல இருந்தவங்களைத் தேடறது தள்ளிப் போச்சு. எக்ஸ்எல்எஸ்எக்ஸ்ல 10,48,576 வரிசை உண்டு, அது 2007லயே வந்தாச்சு. அதே 2020ல மரபணுக்களுக்குப் பேர் வைக்கிற கமிட்டி சில மரபணுக்களோட பேரையே மாத்திச்சு. மார்ச்1, செப்ட்1னு பேர் இருந்தா எக்செல் தேதியாக்கிடுதாம்! விஞ்ஞானமே தோத்துப் போய் பேரை மாத்திக்கிச்சு. நாம சர்வே எண்ணை மாத்த முடியுமா? தாசில்தார் ஒத்துக்குவாரா? :-)

இப்போ வழக்கமா வர்ற வீரர்கள் ஒவ்வொருத்தரா.

1. "சிஎஸ்வி போதும் தல" கோஷ்டி. தமிழ் பேர் இருக்கற ஒரு சிஎஸ்வியை யூனிகோடு யூடிஎஃப்-8ல எழுதி, விண்டோஸ்ல டபுள் கிளிக் பண்ணித் தொறந்து பாருங்க. ஃபைல் தலையில பிஓஎம்ங்கற மூணு பைட் அடையாளம் இல்லைன்னா, எக்செல் அதை யூடிஎஃப்-8ன்னு நினைக்காம ஜிலேபி பிழிஞ்சுடும். யூடிஎஃப்-8ல தமிழோட ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூணு பைட்டு, எல்லாத்துக்கும் மொதல் பைட்டு ஒண்ணேதான். அதனாலதான் அந்தக் குப்பையில ஒரே எழுத்து திரும்பத் திரும்ப வருது. போதாததுக்கு சிஎஸ்வில "இது எழுத்து, இது எண்"னு சொல்ல வழியே கிடையாது. மேல சொன்ன 7/2, 16 இலக்கம் எல்லா வியாதியும் இங்க பிறவியிலேயே உண்டு.

2. எச்டிஎம்எல் டேபிளை எழுதி .எக்ஸ்எல்எஸ்னு பேர் மாத்தற கோஷ்டி. இன்னிக்கும் இருக்காங்கய்யா! எக்செல் "ஃபார்மேட்டும் பேரும் பொருந்தல"ன்னு எச்சரிக்கை கொடுக்கும். "யெஸ் அமுக்குங்க சார்"னு கஸ்டமருக்குப் பயிற்சி கொடுப்பாங்க. எச்சரிக்கை வந்தா யெஸ் அமுக்கணும்னு ஒரு ஆபீஸுக்கே சொல்லிக் கொடுத்துட்டு, அப்புறம் அங்க வைரஸ் வந்தா ஆச்சரியப்படுவாங்க.

3. சர்வர்லயே எக்செல்லை இன்ஸ்டால் பண்ணி ஓட்டற கோஷ்டி. மைக்ரோசாப்டே இதைப் பரிந்துரைக்கல, சப்போர்ட்டும் பண்றதில்லன்னு எழுதி வெச்சிருக்கு. ஒரு டயலாக் பாக்ஸ் வந்து நின்னுச்சுன்னா நடுராத்திரி சர்வர் ரூம்ல அதை யார் போய் ஓகே அமுக்கறது?

4. "வெறும் ஜிப்பும் எக்ஸ்எம்எல்லும்தானே, நானே எழுதிடுவேன்" கோஷ்டி. உண்மைதான். எக்ஸ்எல்எஸ்எக்ஸை .ஜிப்னு பேர் மாத்தித் தொறந்தா உள்ள எக்ஸ்எம்எல் ஃபைல்களாத்தான் இருக்கும். ஆனா அந்த ஃபார்மேட்டோட தர ஆவணம் 6,000 பக்கத்துக்கு மேல. 2007லயும் 2008லயும் ஐஎஸ்ஓ ஓட்டெடுப்புல இந்தியா இதை எதிர்த்துத்தான் ஓட்டு போட்டுச்சு. அப்படியும் 2008ல தரமாயிடுச்சு. 1900ஆம் வருஷம் பிப்ரவரி 29னு இல்லாத ஒரு நாளை, லோட்டஸ் 1-2-3 செஞ்ச தப்போட ஒத்துப் போகணும்னு எக்செல் இன்னி வரைக்கும் சுமந்துட்டு இருக்கு. பழைய மேக் ஃபைல்னா தேதிக் கணக்கு 1904ல ஆரம்பிக்கும், 1,462 நாள் வித்தியாசம். எங்க ஜிஎஸ்டி ரோட்டுல, கூடுவாஞ்சேரிப் பக்கத்துல இருக்கற ஸோஹோ சொந்தமா ஸ்ப்ரெட்ஷீட்டே எழுதி உலகம் பூரா வித்துட்டு இருக்காங்க. அடுத்தவன் ஃபைலைத் தொறந்து காட்டறது எத்தனை வருஷ வேலைன்னு அந்த மாதிரி டீம்ல இருக்கறவங்களைக் கேளுங்க. நீங்க சனி ஞாயிறுல முடிக்கப் போறீங்களா? வாழ்த்துகள்.

5. "ஏஐ எழுதிக் கொடுத்துடும்" கோஷ்டி. புது வரவு. அது இணையத்துல இருக்கற பழைய உதாரணங்களையும் சேர்த்துப் படிச்சு வளர்ந்த பிள்ளை. எக்ஸ்எல்எஸ்எக்ஸ் படிக்க எக்ஸ்எல்ஆர்டி போடுன்னு சொன்னா நம்பிடாதீங்க. அந்த லைப்ரரி 2020 டிசம்பர்ல வந்த 2.0லயே எக்ஸ்எல்எஸ்எக்ஸைக் கைவிட்டாச்சு, இப்போ பழைய எக்ஸ்எல்எஸ் மட்டும்தான். பிஎச்பிஎக்செல்னு சொன்னாலும் அதே கதை. 2017ல அதிகாரபூர்வமா கைவிட்டு, 2019ல பூட்டே போட்டுட்டாங்க.

திட்டினது போதும். தேர்ந்தெடுக்கறது எப்படின்னா, என் கட்சி இதான்: படிக்கறது வேற வேலை, எழுதறது வேற வேலை, இருக்கற ஃபைலைத் திருத்தறது மூணாவது வேலை. மூணுக்கும் ஒரே லைப்ரரி வேணும்னு கட்டாயம் இல்ல.

பைத்தான்ல புது ஃபைல் எழுத எக்ஸ்எல்எஸ்எக்ஸ்ரைட்டர் அருமை. ஆனா அது எழுதும், படிக்காது. ஃபார்முலா எழுதினா விடையைக் கணக்குப் போடாது, சைபர்னு வெச்சுட்டு எக்செல் தொறக்கும்போது பாத்துக்கட்டும்னு விட்டுடும். எக்செல்ல சரியா வரும். கணக்குப் போடாம காட்ட மட்டும் செய்யற சில மொபைல் ஆப்ல தொறந்தா மொத்தத் தொகை சைபர்! ஓப்பன்பைஎக்ஸ்எல் படிக்கும், எழுதும், திருத்தும். ஆனா படம், வடிவம் எல்லாம் இருக்கற ஃபைலைத் தொறந்து சேவ் பண்ணினா அதுல சிலது தொலைஞ்சு போகும்னு அவங்க ஆவணத்துலயே எழுதியிருக்காங்க. மெமரியும் ஃபைல் அளவைப் போல சுமார் 50 மடங்கு ஆகும்னு அவங்களே சொல்றாங்க, 50 எம்பி ஃபைலுக்கு 2.5 ஜிபி. பெரிய ஃபைலுக்கு ரீட்-ஒன்லி, ரைட்-ஒன்லி முறை தனியா இருக்கு, அதைப் பயன்படுத்துங்க. பாண்டாஸ் இவங்க தோள் மேல உக்காந்துட்டுதான் ஊர்வலம் போகுது. விட்டா தானா டைப் யூகிக்கும். எல்லாக் காலத்தையும் எழுத்தாப் படின்னு மொதல்லயே சொல்லிடுங்க.

ஜாவான்னா அப்பாச்சி பிஓஐ. இருபது வருஷத்துக்கு மேல உயிரோட இருக்கற சாமி. பழைய எக்ஸ்எல்எஸ் படிக்கற பகுதிக்கு எச்எஸ்எஸ்எஃப், அதாவது "கொடூரமான ஸ்ப்ரெட்ஷீட் ஃபார்மேட்"னு பேர் வெச்ச நேர்மைக்கே ஒரு கும்பிடு. லட்சக்கணக்குல வரிசை எழுதணும்னா எஸ்எக்ஸ்எஸ்எஸ்எஃப். நூறு வரிசையை மட்டும் மெமரியில வெச்சுட்டு மீதியை டிஸ்க்குக்குத் தள்ளிடும். சாதாரண வழியில எழுதிட்டு "ஜாவா மெமரி தின்னுது"ன்னு பழி போடாதீங்க. பிஎச்பின்னா பிஎச்பிஸ்ப்ரெட்ஷீட், பெரிசா இருந்தா ஓப்பன்ஸ்பவுட்.

டாட்நெட்டுல ஈபிபிளஸ் 2020ல 5ஆம் பதிப்புலேருந்து லைசென்ஸை மாத்திச்சு. வணிகத்துக்குன்னா காசு. ஜாவாஸ்கிரிப்டுல ஷீட்ஜேஎஸ் 0.18.5ஓட என்பிஎம்ல புதுசு போடறதை நிறுத்திட்டு, தன் சொந்த இடத்துல வெளியிடுது. அதுக்கப்புறம் கண்டுபிடிச்ச பாதுகாப்பு ஓட்டை 0.19.3ல அடைபட்டுச்சு. ஆனா என்பிஎம்ல பழக்கதோஷத்துல இறக்கறவங்களுக்கு இன்னும் அந்த ஓட்டை வெர்ஷன்தான்.

இங்கதான் எனக்கு நெஜமாவே கோவம் வருது. லைசென்ஸ் மாறினப்போ நம்மாளுங்க போட்ட கூச்சல் இருக்கே! "துரோகம்"னு வரைக்கும் போனாங்க. ஏங்க, பத்து வருஷம் ஓசியில சாப்பிட்டு, அந்த ஃபைலை வெச்சு கஸ்டமர்கிட்ட லட்சக்கணக்குல பில் போட்ட கம்பெனிகள்தானே நாம? ஒரு ரூபா கொடுத்தோமா, ஒரு பக் ரிப்போர்ட்டாவது ஒழுங்கா எழுதினோமா? டீம் அவுட்டிங்னு ஈசிஆர் ரிசார்ட்ல ஒரு நாள் கொட்டற காசுல ஒரு லைசென்ஸ் வாங்கிடலாம். கொடுக்க மனசில்லைன்னா எம்ஐடி லைசென்ஸ்ல க்ளோஸ்டுஎக்ஸ்எம்எல் இருக்கு, போய் எடுத்துக்கோங்க. ஆனா திட்டற உரிமை கிடையாது. லைப்ரரி தேர்வுல "யார் இதைப் பராமரிக்கறாங்க, அவங்க சாப்பாட்டுக்கு என்ன வழி"ங்கறதும் ஒரு கேள்வின்னு மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க.

தமிழுக்குன்னு சில சோதனை, இதை எந்த வேகப் பட்டியலும் செய்யாது. "கோவளம்"னு ஒரு ஊர் பேரை எடுத்துக்கோங்க. அந்த ஓகாரக் குறியை யூனிகோடுல ஒரே குறியீடாவும் எழுதலாம், கொம்பும் காலுமா ரெண்டாவும் எழுதலாம். கண்ணுக்கு ஒண்ணு, கம்ப்யூட்டருக்கு வேற வேற. தேடினா கிடைக்காது. படிச்ச உடனே ஒரே வடிவத்துக்கு மாத்திடணும், லைப்ரரி இதைச் செய்யாது. "தமிழ்"ங்கறது நமக்கு மூணு எழுத்து, நிரலுக்கு அஞ்சு. எழுத்தை எண்ணி காலம் அகலம் வெச்சா கோணும். பிஓஐயோட தானியங்கி அகலம் சர்வர்ல இருக்கற ஃபான்ட்டை வெச்சுக் கணக்குப் போடும், அங்க தமிழ் ஃபான்ட் இல்லைன்னா அதுவும் கோணல். அரசு 2010லயே யூனிகோடுன்னு ஆணை போட்டும் வானவில் ஃபான்ட்ல அடிச்ச பழைய ஃபைல் இன்னும் சுத்துது. அதைப் படிச்சா ஆங்கில எழுத்துக் குப்பைதான் வரும். லைப்ரரியைத் திட்டாம ஒரு மாற்றியை நடுவுல வையுங்க. மாமல்லபுரம், மகாபலிபுரம், மஹாபலிபுரம் மூணும் ஒரே ஊர்னு எந்த லைப்ரரிக்கும் தெரியாது. 2019க்கு முந்தின ஃபைல்ல நம்ம ஊரெல்லாம் காஞ்சிபுரம் மாவட்டத்துல இருக்கும்ங்கறதும் தெரியாது. அது நம்ம வேலை.

"எக்செல்லையே ஒழிச்சிட்டு எல்லாத்தையும் டேட்டாபேஸ்ல வெக்கணும்"னு சில தூய்மைவாதிகள் பின்னூட்டத்துல வருவாங்க. வாங்க. அந்தக் கணக்குப் பெரியவருக்கு இருவது வருஷமா கை பழகினது எக்செல். அவர் அதை விட மாட்டார், விடணும்னு அவசியமும் இல்ல. அவர் தப்பா அடிச்சா பிடிக்கற மாதிரி, நாம எழுதிக் கொடுக்கறது அவர் கையில சேதாரம் ஆகாத மாதிரி செய்யறதுக்குத்தான் நமக்குச் சம்பளம்.

அதனால அடுத்த தடவை லைப்ரரி தேடறதுக்கு முன்னாடி ஒரு சின்ன எக்செல் ஃபைல் செஞ்சு வெச்சுக்கோங்க. அதுல இருக்க வேண்டியது:

- எழுத்தா ஒரு 7/2, தேதியா மாறின ஒரு 7/2
- சைபர்ல ஆரம்பிக்கற ஒரு கணக்கு எண், 16 இலக்கத்துல ஒண்ணு
- கோவளம், ரெண்டு விதமாவும்
- சமக்குறியில (=) ஆரம்பிக்கற ஒரு பேர் (எழுத்தைக் கொடுத்தா ஃபார்முலாவா எழுதிடற லைப்ரரி உண்டு, அதை வெச்சு விஷமம் பண்ற ஆளும் உண்டு)
- ஒரு ஃபார்முலா, ஒரு படம், சேர்த்து வெச்ச செல் ரெண்டு
- தனி ஷீட்ல 70,000 வரிசை

நாலு லைப்ரரியில இதைப் படிக்க வைங்க, திரும்ப எழுத வைங்க, எக்செல்லயும் லிப்ரெஆபிஸ்லயும் போன்லயும் தொறந்து பாருங்க. அரை நாள் வேலை. எது எதைத் தொலைக்குதுன்னு கண்ணால பாத்துடலாம். எழுதும்போது எண் மாதிரி இருக்கற அடையாளங்களை எல்லாம் எழுத்தா, அந்தக் காலத்துக்கே எழுத்து ஃபார்மேட் போட்டு எழுதுங்க. கூட்டிக் கழிக்கப் போறதில்லைன்னா அது எண்ணே இல்ல. சர்வே எண்ணை யாராவது கூட்டியிருக்கீங்களா?

இதுக்கு அப்புறமும் "அதெல்லாம் சரி, எது பெஸ்ட்டு?"ன்னு பின்னூட்டம் போட்டா, பதில் வராது. "என் ஃபைல்ல இது இருக்கு, இந்த லைப்ரரி இதைத் தொலைச்சது"ன்னு போட்டீங்கன்னா ராத்திரி ரெண்டு மணி ஆனாலும் உக்காந்து பேசலாம்.

டிஸ்கி: லைப்ரரி எழுதினவங்க யாரையும் புண்படுத்த இல்ல. அவங்க ஆவணத்துல எழுதி வெச்சதைப் படிக்காதவங்களைப் புண்படுத்தத்தான் இந்தப் பதிவு.

பி.கு: பழைய பதிப்புல மாட்டிக்கிட்டு முழிக்கறவங்க இருந்தா சொல்லுங்க. பிஎச்பிஎக்செல்லேருந்து வெளிய வர்றதைப் பத்தி தனியா ஒரு பதிவு போடற எண்ணம் இருக்கு. ஆணி அனுமதிச்சா...